அப்பா "ஊசி போட்டு முடிச்சிரு தாயி" என்கிறார். வென்டிலேட்டர் வேண்டாம் என்று நான் கையெழுத்துப் போட்டால் அது கொலையா?

கரிசல்மகள்:

மூன்று நாளாக எழுதி எழுதி அழித்துவிட்டு இன்றைக்குத்தான் பதிகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. அருப்புக்கோட்டைப் பக்கம் கிராமம். நாற்பது வருஷம் புகையிலை அடக்கிய வாய். போன வருஷம் கன்னத்தில் புற்று என்றார்கள். ஆபரேஷன் செய்து, முப்பது நாள் கரண்டு (கதிர்வீச்சு) வைத்து, ஆறு மாதம் நன்றாகத்தான் நடமாடினார். இப்போது கழுத்திலும் நுரையீரலிலும் பரவிவிட்டது. "இனிமேல் கீமோ கொடுத்தால் உடம்பு தாங்காதும்மா" என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆகாரமெல்லாம் மூக்குக் குழாய் வழியாகத்தான். பகல் எப்படியோ கழிந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் வலி வந்தால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முனகுவார். போன வாரம் என் கையைப் பிடித்து, "ஒரு ஊசியப் போட்டு முடிச்சிரு தாயி" என்றார்.

மதுரையில் காட்டும் ஆஸ்பத்திரியில், அடுத்த தடவை மூச்சுத் திணறினால் ஐசியூ, வென்டிலேட்டர் என்று போகவேண்டி வரும், வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் பேசி வையுங்கள் என்கிறார்கள். வயலை விற்றாவது எல்லாம் செய்யணும் என்கிறான் தம்பி. நான் தயங்கியதைப் பார்த்துப் பெரியப்பா, "காசுக்குப் பாக்குறியா?" என்று கேட்டுவிட்டார். இன்னொரு பக்கம், உறவில் ஓர் அத்தை அடுப்படிக்கு வந்து, "சனிக்கிழமை விடியக்காலம் எண்ணெய் தேச்சு ஊத்திவிட்ருவோம். அவனும் எத்தன நாளைக்குச் சீரழிவான்" என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. புரிந்ததும் கை நடுங்கிவிட்டது.

அப்பா கேட்கிற ஊசி, அத்தை சொன்ன எண்ணெய்க் குளியல், வென்டிலேட்டர் வேண்டாம் என்ற கையெழுத்து. இந்த மூன்றும் ஒன்றுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஐசியூ அக்கா:

தங்கச்சி, 26 வருஷம் நர்சாக இருந்தேன். அதில் 14 வருஷம் ஐசியூ. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்றும் ஒன்றல்ல.

வென்டிலேட்டரை நான் குறை சொல்லமாட்டேன். பாம்பு கடித்து மூச்சு நின்று வந்த பையன்களை அந்த மெஷின்தான் நாலைந்து நாள் பிடித்து வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது. நோய் சரியாகும்வரை நுரையீரலுக்குப் பதில் வேலை பார்ப்பதுதான் அதன் வேலை. உங்கள் அப்பாவுக்கு மூச்சு முட்டினால் அதற்குக் காரணம் பரவிய புற்று. அந்தக் காரணம் சரியாகப் போவதில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டபோது, மெஷின் எதுவரைக்கும் பிடித்து வைத்திருக்கும்?

உள்ளே என்ன நடக்கும் என்பதை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. தொண்டைக்குள் குழாய் போனால் பேச முடியாது. குழாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்று இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு பேண்டேஜ் துணியால் கட்டி வைப்போம். நானே கட்டியிருக்கிறேன். சளியை உறிஞ்சும்போதெல்லாம் உடம்பு தூக்கிப் போடும். ஒரு பெரியவர், கட்டிய கையின் விரலால் மெத்தையில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். என்ன எழுதினார் என்று எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். இன்னும் அந்த விரல் என் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்று. அவர் ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலைப் பிடிக்கிறார் என்றால் வலி மருந்து போதவில்லை. என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள்? கடும் வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின் எழுதியிருக்கிறார்களா?


தேனிக்காரன்:

அத்தை சொன்னதுக்கு மட்டும் நான் பதில் சொல்றேன். வேற எதுவும் எனக்குத் தெரியாது.

எங்க அப்பத்தாவுக்கு நடந்தது அது. எனக்கு அப்ப ஒம்போது வயசு. அப்பத்தா இடுப்பு ஒடிஞ்சு எட்டு மாசம் படுக்கை. நாலு மகன், மாசத்துக்கு ஒரு வீடுன்னு முறை வச்சிருந்தாங்க. முறை மாறுற அன்னைக்கு யார் வீட்டுக்குப் போகுதுன்னு ஒவ்வொரு தடவையும் சண்டை. ஒரு நாள் இருட்டோட எழுப்பி, திண்ணையில உக்கார வச்சு தலையிலிருந்து கால் வரைக்கும் நல்லெண்ணெய் வச்சாங்க. அதுக்கு ஒரே சந்தோசம். ரொம்ப நாளாச்சுல்ல குளிச்சு. "இன்னைக்கு என்னடி விசேசம்?"னு எங்கம்மாட்ட கேட்டுச்சு. எங்கம்மா பதில் சொல்லல. பச்சத்தண்ணிய குடம் குடமா ஊத்தினாங்க. ரெண்டாம் நாள் முடிஞ்சிருச்சு. ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் பேசல.

தலைக்கூத்தல்னு பேரு. இதை ஏதோ பழைய காலத்துப் பெருந்தன்மைன்னு சில பேர் எழுதுறதைப் படிச்சா வயிறு எரியுது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, சாப்பிடாம உயிர விட்டது அவனா எடுத்த முடிவு. எங்க அப்பத்தாட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல.

நல்லெண்ணெய் வாசம் வந்தா இன்னைக்கும் நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன்.


வைகை வக்கீல்:

தேனிக்காரன் சொன்ன கடைசி விஷயத்தில்தான் சட்டமும் வந்து நிற்கிறது: அவரைக் கேட்டார்களா?

சகோதரி, உங்கள் மூன்றில் எண்ணெய்க் குளியல் கொலை. என்ன பெயர் வைத்தாலும் கொலைதான், வீட்டார் எல்லோரும் சேர்ந்து செய்தாலும் கொலைதான். ஊசி போட்டு உயிரை முடிப்பதும் இந்தியாவில் குற்றம், டாக்டர் செய்தாலும் சரி. நோயாளியே கெஞ்சிக் கேட்டிருந்தாலும் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. மூன்றாவது, அதாவது பயன் தராத சிகிச்சையைத் தொடங்காமல் விடுவதும் தொடங்கியதை நிறுத்துவதும், முறைப்படி செய்தால் சட்டப்படி சரி.

இது ஒரே நாளில் வந்ததல்ல. மும்பை கேஈஎம் ஆஸ்பத்திரி நர்ஸ் அருணா ஷான்பாகை 1973-இல் அங்கேயே வேலை பார்த்த ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்து வன்கொடுமை செய்தான். மூளைக்கு ரத்தம் போகாமல் அவர் அப்படியே படுக்கையானார். பத்திரிகையாளர் பிங்கி விரானி அவருக்காகப் போட்ட மனுவில், 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிகிச்சையை விலக்குவது உயர் நீதிமன்ற அனுமதியோடு நடக்கலாம் என்று பொதுவாகச் சொன்ன நீதிபதிகள், அருணா விஷயத்தில் மட்டும் மறுத்துவிட்டார்கள். காரணம், அவரை அத்தனை வருஷம் பார்த்துக்கொண்ட கேஈஎம் நர்சுகளும் டாக்டர்களும் வேண்டாம் என்றார்கள். பேசும் உரிமை மனு போட்டவருக்கல்ல, பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் என்றது நீதிமன்றம். 2015 மே மாதம் நிமோனியாவில் அருணா இறந்தார். ஏறக்குறைய 42 வருஷம். படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள் அந்த நர்சுகள். இந்த வழக்கை எடுத்துப் பேசும்போது நான் எப்போதும் அதையும் சேர்த்துச் சொல்வேன்.

பிறகு 2018 மார்ச் 9, ஐந்து நீதிபதிகள் அமர்வு. கௌரவத்தோடு இறப்பதும் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்றும், ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே, பின்னால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டிய மருத்துவ உயில் எழுதி வைக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆனால் நடைமுறை சிக்கலாக இருந்ததால் யாராலும் பயன்படுத்த முடியவில்லை. 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்துப் போட்டால் போதும். தன் சார்பில் பேச நம்பிக்கையானவர்கள் பெயரையும் அதில் எழுதலாம். அவருக்கு நினைவு தப்பிய பிறகு, ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர் கொண்ட ஒரு குழு பார்க்கும், அடுத்து இன்னொரு குழு சரிபார்க்கும். ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள். நிறுத்துவதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போகும். அனுமதி கேட்பதல்ல, தகவல்.

உங்கள் அப்பாவுக்கு நல்ல நினைவு இருக்கிறது. நினைவோடு இருப்பவர் "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லும் உரிமையை அந்தத் தீர்ப்பு தெளிவாக ஏற்கிறது. தம்பி, பெரியப்பா, அத்தை, ஆஸ்பத்திரி என்று எல்லோர் பேச்சையும் எழுதியிருக்கிறீர்கள். வென்டிலேட்டர் பற்றி அப்பாவிடம் யாராவது பேசினீர்களா?


கரிசல்மகள்:

இல்லை சார். அவருக்குத் தெரியாமல் வெளியே வராந்தாவில் வைத்துத்தான் எல்லாம் பேசினோம்.


கீழக்கரை மகன்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும். உயிர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்து வைத்த அமானிதம் என்று நம்புகிறவன் நான். அதைத் திருப்பி எடுக்கும் நேரத்தை மனிதன் குறிக்கக் கூடாது. ஊசி பக்கம் நான் ஒருநாளும் நிற்கமாட்டேன்.

ஆனால் எங்கள் வாப்பாவை நாங்கள் 17 நாள் வென்டிலேட்டரில் வைத்திருந்தோம். பிள்ளைகள் மூன்று பேரும் வளைகுடாவிலிருந்து வந்து இறங்கி, எல்லாம் செய்யுங்கள் டாக்டர் என்று சொல்லிவிட்டோம். உம்மாவை ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். கடைசி நேரத்தில் காதருகே கலிமா சொல்லிக் கொடுக்க ஒருவரும் பக்கத்தில் இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று சொன்னோம். உம்மா அதை இன்னும் எங்களிடம் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது.

பிறகு எங்கள் ஊர் ஆலிம், மார்க்கம் படித்தவர், ஒருவரிடம் மனம் தாங்காமல் போய்க் கேட்டேன். குணமாகும் வழியே இல்லை என்று ஆனபிறகு மெஷினை வைத்து இழுப்பது கடமை இல்லை தம்பி, பக்கத்தில் இருப்பதுதான் கடமை என்றார். முன்னாடியே கேட்டிருக்கலாம்.


ரொட்டர்டாம் தமிழன்:

நான் யாழ்ப்பாணத்தில பிறந்தவன், முப்பது வருசத்துக்கு மேல நெதர்லாந்தில இருக்கிறன். இஞ்ச 2002 ஏப்ரலில இருந்து டாக்டர் ஊசி போடுறதுக்குச் சட்டம் இருக்கு. கேட்டவுடன போடுறதில்லை. தாங்கேலாத வேதனை, சுகப்படுற வழி இல்லை, ஆளே யோசிச்சு மனமாரக் கேட்கவேணும், வேற ஒரு டாக்டர் தனிய வந்து பார்க்கவேணும். முடிஞ்சாப்பிறகு ஒவ்வொரு கேசையும் ஒரு குழு விசாரிக்கும். போன வருசங்களில பெரிசாப் பேசப்பட்டது இந்த நாட்டின்ர பழைய பிரதமர் ட்ரீஸ் ஃபான் அக்ட். அவரும் மனுசியும், ரெண்டு பேருக்கும் 93 வயசு, 2024 பெப்ரவரியில கையைக் கோத்தபடி ஒண்டாப் போயிட்டினம். அவர் கத்தோலிக்கர்.

என்ர பக்கத்து வீட்டுக் கிழவருக்கும் இப்பிடித்தான் நடந்தது. முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, என்ர தோட்டத்து ரோசாவை வெட்டி விடச் சொல்லிக் கத்தரிக்கோலைத் தந்தார். பயம் இல்லாத முகம். மருந்து குடுத்தா எல்லா வலியும் போகும் எண்டு சொல்லுறியள். போகாத ஆக்கள் இருக்கினம். அவையளுக்கு என்ன பதில்? "பொறு" எண்டு சொல்ல நாங்கள் ஆர்?


நாற்காலி ராணி:

ரொட்டர்டாம் அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

19 வயதில் பைக் விபத்து. முதுகுத்தண்டு போய், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இப்போது 38. முதல் இரண்டு வருஷம் தினமும் சாக ஆசைப்பட்டேன். அப்போது ஒரு டாக்டர் படிவத்தை நீட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். நன்றாக யோசித்துத்தான் போட்டிருப்பேன். வீட்டில் இரண்டு படி ஏற முடியாது, கக்கூசுக்குள் நாற்காலி நுழையாது, அம்மா என்னைத் தூக்கித் தூக்கி அவருக்கு முதுகு போய்விட்டது. நான் கேட்டது சாவை என்றுதான் நானும் நினைத்தேன். அண்ணன் வாசலில் சாய்தளம் கட்டினான். கதவை இடித்து அகலமாக்கினான். ஒரு தையல் மெஷினைக் கையால் இயக்கும்படி மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஆசை எந்த நாள் போனது என்றுகூட எனக்கு நினைவில்லை.

உங்கள் ஊரில் வீட்டு டாக்டர் இருக்கிறார், இன்ஷூரன்ஸ் எல்லாருக்கும் இருக்கிறது, நர்ஸ் வீட்டுக்கு வருகிறார். அத்தனையும் இருந்த பிறகு ஒருவர் போகிறேன் என்றால் அது முடிவு. இங்கே அது எதுவும் இல்லாமல் ஊசி மட்டும் முதலில் வந்தால், கேட்கப்போவது முறை வைத்துப் பார்க்கப்படும் அப்பத்தாக்கள்தான். அவர்களே வாயால் கேட்பார்கள், கையெழுத்தும் போடுவார்கள். "உங்களுக்குப் பாரமா இருக்கேன்" என்பதைவிட வேறு காரணம் அவர்களுக்கு வேண்டாம்.


ரொட்டர்டாம் தமிழன்:

தங்கச்சி, நீங்கள் சொல்லுறதை ரெண்டு தரம் வாசிச்சன். இஞ்சயும் தனிமையும் ஆருக்கும் பாரமாப் போயிடுவன் எண்ட பயமும் இல்லை எண்டு சொல்லமாட்டன். ஆனா என்ர கேள்வி அப்பிடியே நிக்குது, அதை விடமாட்டன்.


கோழிக்கோட்டு மருமகள்:

அந்தக் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன். நான் பிறந்தது பொள்ளாச்சி, வாழ்க்கைப்பட்டது கோழிக்கோடு. இங்கே 1993-இல் மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன அறையில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் ஆரம்பித்த வலி நிவாரணக் கிளினிக் இன்று ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. 2008-இல் கேரள அரசே இதற்கென்று கொள்கை அறிவித்தது. பஞ்சாயத்து நர்ஸ் வாகனத்தில் வீட்டுக்கு வருவார். கூட வருகிற தொண்டர்கள் மீன் விற்பவர், டீச்சர், ஆட்டோ டிரைவர். நானும் வாரம் ஒரு நாள் போகிறேன். புண் கட்டுவது, குழாய் மாற்ற உதவுவது, அரிசி இல்லாத வீடென்றால் அரிசி. "சாகணும்" என்று சொன்ன நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். புழு வைத்த புண்ணைச் சுத்தம் பண்ணி, நாற்றம் போக மாத்திரையைப் பொடித்துத் தூவி, நாலு நாள் தூங்கவிட்டால், முக்கால்வாசிப் பேர் அடுத்த வாரம் மீன்கறி கேட்கிறார்கள்.

மீதிப்பேர் உண்டு. ரொட்டர்டாம் அண்ணா சொல்வது அவர்களைத்தான். எதற்கும் அடங்காத வேதனை என்றால் கடைசி நாட்களில் மயக்க மருந்தை அளந்து கொடுத்து உறங்க வைப்பார்கள். நோக்கம் வேதனையை நிறுத்துவது. உயிர் தன் நேரத்தில் போகும். எனக்கு அது போதும் என்று தோன்றுகிறது. ஒரே ஒரு தடவை போதவில்லை என்று தோன்றியது. அதை இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை.

கரிசல்மகள், தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வரும் நர்ஸ் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கிராமச் செவிலியரைப் பிடித்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.


ஐசியூ அக்கா:

மார்ஃபின் பற்றி ஒன்று. அது எடுக்கப்படும் அபினி நம் நாட்டிலேயே விளைகிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் கொடுத்து விளைவிக்கிறது, நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசாங்கமே ஆலை வைத்திருக்கிறது. ஆனால் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், புற்று நோயாளிக்கு ஒரு மாத்திரை வாங்க மாநிலத்துக்கு மாநிலம் நாலைந்து உரிமம் என்று ஆகி, ஆஸ்பத்திரிகளே இந்த மருந்தை வைத்துக்கொள்வதை விட்டுவிட்டன. ஒரு தலைமுறை டாக்டர்கள் அதை எழுதப் பழகாமலே படித்து முடித்தார்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கிடைக்கும் இடங்கள் இன்னும் குறைவு. நாம் வாதாடுவது சாகும் உரிமைக்கு, சரி. வலி தெரியாமல் படுத்திருக்கும் உரிமைக்கு யார் தெருவில் இறங்கினார்கள்?


கரிசல்மகள்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும்.

அப்பாவிடம் பேசினேன். தம்பியையும் உட்கார வைத்துக்கொண்டுதான். ஐசியூ அக்கா சொன்ன குழாய், கட்டிய கை எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அப்பா அழவில்லை. தம்பிதான் அழுதான். அப்பா ரொம்ப நேரம் மேலே ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டியூப்பு கீப்பு வேணாம். மாட்டுத் தொழுவத்துப் பக்கம் கட்டிலப் போடு, காத்து வரும்" என்றார். ஊசி பற்றிக் கேட்டேன். "வலியும் போகணும், உங்களுக்குப் பாரமாவும் இருக்கக் கூடாது. முதல்ல சொன்னதுக்கு மாத்திரை இருக்குங்குற. ரெண்டாவதுக்கு இருக்கா தாயி?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வக்கீல் சார் சொன்னபடி எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்தாகிவிட்டது. என் பெயரையும் தம்பி பெயரையும் சேர்த்தே போடச் சொன்னார். மார்ஃபினுக்கு இரண்டு ஊர் அலைந்து மூன்றாவது இடத்தில் கிடைத்தது. 10 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பொடித்துக் கரைத்துக் குழாயில். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. போதைக்கு அடிமையாகிவிடுவாரோ என்று பெரியப்பா கேட்டார், அப்படி ஆகாது என்று டாக்டர் அவரையே கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். அன்றைக்கு ராத்திரி அப்பா விடிய விடியத் தூங்கினார். நாங்கள்தான் தூங்காமல் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அத்தை தினமும் வருகிறார். அவரிடம் நான் சண்டை போடவில்லை. அப்பா காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னேன், காலுக்கு மட்டும், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தேய்த்துக்கொண்டே அழுதார். அவர் மாமியாருக்கு அவர்தான் எண்ணெய் வைத்தாராம்.

நேற்று ராத்திரி அப்பா திரும்பவும் ஊசி கேட்டார். வலிக்கவில்லை என்றும் அவரே சொன்னார். "போதும்" என்றார். ரொட்டர்டாம் அண்ணாவின் கேள்வி அப்போது நினைவுக்கு வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அக்கா, ஒரு சந்தேகம். இரண்டு நாளாக நிறையத் தூங்குகிறார், மூச்சு விட்டு விட்டு வருகிறது. உறவெல்லாம் பால் ஊற்ற வரணும் என்று போன் பண்ணுகிறார்கள். என்ன செய்ய?


ஐசியூ அக்கா:

தங்கச்சி, நேரம் நெருங்குகிறது. பயப்படாதே. தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். கேட்கிற நமக்குத்தான் கஷ்டம், அவருக்கு அநேகமாகத் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வை, முதுகுக்குத் தலையணை கொடு. குழாயில் ஆகாரத்தை எவ்வளவு குறைப்பது, மருந்தை எப்படித் தொடர்வது என்று இன்றைக்கே டாக்டரிடம் கேள். கைகால் சில்லிடும், போர்வை போதும். காது கடைசிவரை கேட்கும் என்பார்கள், அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் சொத்துப் பேச்சு வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடு.

பால் ஊற்ற வருகிறவர்களைத் தடுக்காதே, மனசு கஷ்டப்படுவார்கள். ஆனால் வாய்க்குள் ஊற்ற விடாதே. விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் போகும். ஒரு சின்னக் கிண்ணத்தில் பாலும், சுத்தமான பஞ்சும் வை. பஞ்சை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொருவரும் உதட்டில் ஒரு தடவை தொட்டுவிடட்டும். முதலில் அத்தை கையில் கொடு.


கரிசல்மகள்:

சரிக்கா. கிண்ணம் எடுத்து வைத்துவிட்டேன். தொழுவத்துப் பக்கம்தான் கட்டில். காற்று நன்றாக வருகிறது.